பெயர் கேட்காத பந்தி

கிருபாபுரத்தில் ஜெபசிங் ஒரே ஒரு முறை வார்டு தேர்தலில் நின்றார். மற்ற வேட்பாளர்கள் பூங்கா, நூலகம், நீச்சல்குளம் என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். ஜெபசிங் ஒலிபெருக்கியைப் பிடித்துச் சொன்னது இவ்வளவுதான்: "நான் ஜெயிச்சா உங்களுக்கு ஒண்ணும் செய்ய மாட்டேன். உங்களை ஒண்ணும் செய்யறதுக்கு வேற ஒருத்தரையும் விட மாட்டேன்."

கைதட்டல் பலமாக இருந்தது. ஓட்டுத்தான் விழவில்லை. அன்றிலிருந்து ஊரில் அவருக்கு 'ஒண்ணும் செய்யாத கட்சி' என்று பெயர். யாராவது அப்படிக் கூப்பிட்டால் கோபப்பட மாட்டார். "கட்சியில சேருதியாடே? கூட்டம் கிடையாது, கொடி கிடையாது. சும்மா இருந்தாப் போதும்" என்பார்.

அவருக்கு ஆலயத்துக்கு எதிரே வாடகைப் பாத்திரக் கடை. அண்டா, குண்டான், வாளி, கரண்டி, தார்ப்பாய், நாற்காலி என்று கல்யாணத்துக்கும் சாவுக்கும் வேண்டியதெல்லாம் அங்கே கிடைக்கும். திருடனைப் பிடிக்கப் போலீஸ், வழக்குத் தீர்க்கக் கோர்ட்டு, நடக்க ரோடு, இவற்றுக்கு மேல் அரசாங்கம் ஒரு மனிதனின் வாசற்படியைத் தாண்டக்கூடாது என்பது அவர் கொள்கை. ஆனால் அவர் காலத்து அரசாங்கம் வாசற்படியோடு நிற்கவில்லை. அடுப்படிக்கே வந்துவிட்டது.

அதற்கு 'அக்கறை' என்று பெயர் வைத்திருந்தார்கள். எட்டு வருஷமாக வீட்டுக்கு வீடு சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பலகை. அதிலிருந்து ஒரு குரல் வரும். பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார் மாதிரி திருத்தமாகப் பேசும். அடுப்பைத் திருகினால், "வணக்கம் ஐயா. எத்தனை பேருக்குச் சமையல்?" என்று கேட்கும். வீட்டில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ரத்தக் கொதிப்பு என்பதெல்லாம் அதற்குத் தெரியும். "எண்ணெயைக் குறைத்துக்கொள்ளலாமே" என்று சொல்லும். பதில் ஒத்துவராவிட்டால் அடுப்பு ஒரு வாரம் பூட்டிக்கொள்ளும் என்று ஊரில் பேச்சு. யாருக்குப் பூட்டியது என்று கேட்டால் பக்கத்து ஊரில் யாருக்கோ என்பார்கள்.

அந்தப் பயத்தில் ஊர்க்காரர்கள் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். விருந்தாளி வந்தாலும் அடுப்பிடம் வீட்டு ஆட்களின் கணக்கையே சொல்வார்கள். அது நாலு பேருக்கு வேண்டிய அளவுக்கு எரிந்து அணையும். அந்தச் சோற்றை ஏழு பேர் சாப்பிடுவார்கள். பொய் சொல்ல மனம் வராதவர்கள், சொன்ன கணக்கை உண்மையாக்க, "எனக்கு வயிறு சரியில்ல, நீங்க சாப்பிடுங்க" என்று எழுந்துவிடுவார்கள். கிருபாபுரத்தில் வீட்டுக்காரருக்கு வயிறு சரியில்லை என்றால் அந்த வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

இந்த வருஷம் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, வட்டார நல அலுவலர் முத்தரசி கடைக்கு வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். வெயிலில் வந்த முகம். ஜெபசிங் நாற்காலியை இழுத்துப் போட்டார், ஒரு சொம்பு தண்ணீரும் கொடுத்தார். அரசாங்கத்தின் மேல் இருந்த கோபத்தை அவர் ஒருநாளும் அதில் வேலை செய்பவர்கள் மேல் காட்டியதில்லை.

"அண்ணாச்சி, பண்டிகை அசனச் சாப்பாட்டுக்குப் பெரிய அடுப்பு நீங்கதானே கொடுப்பீங்க?"

"நான்தான். வாடகை வாங்குறதில்ல."

"இந்த வருஷத்துலருந்து பெரிய அடுப்புக்கும் அக்கறை பூட்டு வந்திருச்சு. பொது இடத்துல சமைக்கிறதா இருந்தா, சாப்பிட வாரவங்க பேரெல்லாம் முன்கூட்டியே கொடுக்கணும். கொடுத்தாத்தான் அடுப்பு எரியும்."

ஜெபசிங் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

"எங்க அசனத்தைப் பத்தித் தெரியுமாம்மா உனக்கு? ஊர்ல ஒவ்வொரு வீட்டுக்காரனும் அரிசி கொடுப்பான். எல்லாம் ஒரே அண்டாவுல விழும். யார் வேணும்னாலும் வந்து உக்காரலாம். எந்த ஊரு, எந்தச் சாதி, எந்த மதம்னு கேக்கறதில்ல. பேரே கேக்கறதில்ல. அதுதான் அசனம். பேர் கேட்டு உள்ள விட்டா அது சோறு இல்ல, விசாரணை."

"எனக்குப் புரியுது அண்ணாச்சி. ஆனா இந்த விதி சும்மா வரல. ஒரு கல்யாணத்துல கெட்டுப்போன சாப்பாடு சாப்பிட்டு எத்தனை பிள்ளைங்க போச்சுன்னு உங்களுக்கும் தெரியும். யார் யார் சாப்பிட்டாங்கன்னு தெரிஞ்சிருந்தா பாதிப் பிள்ளைங்களையாவது காப்பாத்தியிருக்கலாம்."

ஜெபசிங் தலையைக் குனிந்துகொண்டார். போன மழைக்காலத்தில் அவர் மனைவி கிரேஸ்லினுக்கு நெஞ்சு வலித்தபோது ஆம்புலன்சைக் கூப்பிட்டதும் அந்தச் சுவர்ப் பலகைதான்.

"அது நியாயம்தான்" என்றார். "ஆனா ஆண்டவர் அஞ்சு அப்பத்தை ஐயாயிரம் பேருக்குப் பங்கு வச்சப்ப யாராவது பேர் எழுதினாங்களா?"

"நான் சிஸ்டர்மார் பள்ளிக்கூடத்துல படிச்சவ அண்ணாச்சி. அம்பது அம்பது பேரா உக்கார வச்சு எண்ணினாங்கல்ல?"

"எண்ணினாங்க. பேர் கேக்கல."

முத்தரசி தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தாள். "சும்மா ஏதாவது பேரை எழுதிக் கொடுத்துராதீங்க. வாசல்ல ஆளைச் சரிபார்க்கும். பேர் இல்லாதவங்களைத் திருப்பி அனுப்பும். பொய்ப் பேருன்னா உங்க கடை உரிமமும் போயிரும். எனக்கு அதைச் செய்ய இஷ்டமில்ல."

அவள் போன பிறகு ஜெபசிங் அண்டாக்களுக்கு நடுவே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கொள்கை ஒரு பக்கம். அதைவிடப் பெரிய கவலை ஒன்று அவருக்கு இருந்தது. அது ஊருக்கே தெரியும். ஆனால் யாரும் வாயைத் திறந்து பேசுவதில்லை.

அவருக்கு ஒரே தம்பி, எட்வின். நன்றாகப் படித்துச் சென்னையில் அக்கறைத் துறையிலேயே அதிகாரியானவர். அம்மா கடைசியில் எட்வினோடு இருந்தாள். அவளுக்கு முடியாமல் போனபோது, வீட்டில் பார்க்க ஆள் போதாது என்று அக்கறை சொன்னது. எட்வின் அவளை அரசாங்க அரவணைப்பு இல்லத்தில் சேர்த்தார். நல்ல படுக்கை, வேளைக்கு மருந்து, ஒரு குறையுமில்லை. ஒருநாள் மத்தியானம் அம்மா போய்விட்டாள். பக்கத்தில் யாரும் இல்லை. சுவர் மட்டும், "உதவி வந்துகொண்டிருக்கிறது அம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்ததாம்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் ஜெபசிங் தம்பியைப் பார்த்துச் சொன்னார்: "அம்மா கடைசியா கேட்டது மனுஷக் குரல் இல்லடே." அதோடு பேச்சு நின்றது. பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது.

எட்வின் ஓய்வு பெற்றுப் பக்கத்து ஊருக்கே வந்துவிட்டார். அண்ணன் வீட்டு வாசலை மிதித்ததில்லை. ஆனால் ஒவ்வொரு வருஷமும் அசனத்துக்கு வருவார். எப்போதும் மூன்றாவது பந்தி, தூண் ஓரம். ஜெபசிங் குழம்பு வாளியோடு வருவார். முகத்தைப் பார்க்காமல் ஒரு கரண்டி ஊற்றுவார். பிறகு கேட்காமலேயே இன்னொரு கரண்டி. மற்றவர்களுக்கு ஒன்றுதான். அந்த இரண்டாவது கரண்டிதான் அண்ணன் தம்பிக்குள் வருஷத்துக்கு ஒருமுறை நடந்த பேச்சு.

பேர் கேட்பதில்லை என்பதால்தான் எட்வின் வந்தார். 'எட்வின், ஜெபசிங்கின் தம்பி' என்று பதிவு செய்துவிட்டு அண்ணன் கையால் சாப்பிட அவர் வரமாட்டார். ஜெபசிங்கும் ஆள் அனுப்பிப் பேர் கேட்கமாட்டார். இரண்டு பேரும் ஒரே மண்ணில் பிசைந்து செய்யப்பட்டவர்கள்.

முத்தரசி வந்துபோன அன்று மத்தியானச் சாப்பாட்டில் ஜெபசிங்குக்குக் கை ஓடவில்லை. கிரேஸ்லின் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உங்க கட்சி என்ன முடிவெடுத்திருக்கு?"

"இந்த வருஷம் அசனம் இல்லன்னு போதகர்ட்ட சொல்லிரலாம்னு இருக்கேன்."

"ஒண்ணும் செய்யாத கட்சிங்கிறது சரியாத்தான் இருக்கு" என்றாள் கிரேஸ்லின். "பெரிய அடுப்பு எரியாட்டா என்ன? ஊர்ல சின்ன அடுப்பு எத்தனை இருக்கு. வீட்டுக்கு ஒரு பானைச் சோறு, ஒரு சட்டிக் குழம்பு. கொண்டுவந்து அண்டாவுல கொட்டுவோம். அரிசியா கொடுக்கிறதைச் சோறா கொடுக்கப் போறோம். அவ்வளவுதானே?"

ஜெபசிங் நிமிர்ந்து பார்த்தார். "விதியில இடம் இருக்கா?"

"அரசாங்கத்தைத் திட்டுறவரு விதியைக் கேக்கறீங்களே."

அவர் முத்தரசிக்குப் போன் போட்டார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பொது இடத்துல நெருப்பு வச்சாத்தான் பொதுச் சமையல். வீட்டுல சமைச்சதை நாலு பேருக்குக் கொடுக்கறதைப் பத்தி விதியில ஒண்ணும் கிடையாது. ஆனா வீட்டு அடுப்பு எத்தனை பேருக்குன்னு கேக்குமே, அதுக்கு என்ன சொல்வீங்க?" என்றாள்.

"அது எங்க பாடு."

"ஆகட்டும் அண்ணாச்சி. சோறை நல்லாச் சூடா கொண்டு வாங்க. அது விதி இல்ல, நான் சொல்றது."

போதகர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவில் அறிவித்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் வெளியே வந்ததும் முணுமுணுப்பு. பண்டிகை நாளில் அடுப்பிடம் பொய் சொல்வதா? உண்மையைச் சொல்லி, பூட்டிக்கொண்டால்? ஒரு வாரம் வெந்நீருக்குக்கூட வழியில்லையே. கடைசியில் எல்லாக் கண்ணும் ஜெபசிங் பக்கம் திரும்பின.

"முதல்ல உங்க வீட்டு அடுப்பு எரியட்டும் அண்ணாச்சி" என்றார் எதிர்வீட்டு ஷெர்வின். "எரிஞ்சா நாங்க பின்னாலயே பத்த வைக்கிறோம்."

"எரியாட்டா?"

"ஒரு வாரத்துக்கு உங்க ரெண்டு பேருக்கும் எங்க வீட்டுச் சாப்பாடு. அடுப்புகிட்ட எங்க வீட்டு நாலு பேருன்னே சொல்லிட்டு, நானும் அவளும் வயிறு சரியில்லன்னு படுத்துக்கிடுதோம்."

பண்டிகையன்று விடிந்தும் விடியாத நேரம். ஜெபசிங் குளித்து, ஜெபம் பண்ணிவிட்டு அடுப்படிக்கு வந்தார். கிரேஸ்லின் பெரிய பானையில் அரிசி களைந்து வைத்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே பாதித் தெரு நின்றது. கையில் குழந்தையோடு ஒருத்தி, பல்குச்சியோடு ஒருவர், எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு. அவர் அடுப்பைத் திருகினார்.

"வணக்கம் ஐயா. எத்தனை பேருக்குச் சமையல்?"

இரண்டு என்று சொல்லியிருந்தால் பலகையின் வாய் அடைத்திருக்கும். ஆனால் அந்தப் பெரிய பானை அவரைப் பார்த்துச் சிரித்திருக்கும். ஜெபசிங் தொண்டையைச் செருமினார்.

"தெரியாது."

ஜன்னலுக்கு வெளியே யாரோ "போச்சு" என்றார்கள்.

"யாருக்குச் சமைக்கிறீர்கள் ஐயா?"

என்ன சொல்வது என்று அவர் ஒத்திகை எதுவும் பார்க்கவில்லை. வாயிலிருந்து அதுவாக வந்தது. "வாரவங்களுக்கு."

கிரேஸ்லின் முந்தானையைக் கசக்கினாள். ஜெபசிங்குக்குத் தான் சொன்னது காதில் திரும்ப ஒலித்தது. அது அவர் வார்த்தை இல்லை, அம்மாவுடையது. உலையில் ஒரு பிடி கூடப் போடும்போது, யாருக்கு என்று பிள்ளைகள் கேட்டால், அவள் திரும்பிப் பாராமல் சொல்வது.

"சரி ஐயா" என்றது குரல். "விருந்தினர். பெயர் தேவையில்லை. அடுப்பு எரிகிறது."

நீலச் சுடர் படக்கென்று எழுந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்ற ஷெர்வினின் மனைவி, "இப்படிச் சொன்னா எட்டு வருஷமாவே இது எரிஞ்சிருக்குமா?" என்றாள் மெதுவாக. "எட்டு வருஷமா எங்க அப்பா வாரப்பல்லாம் நான் பட்டினி கிடந்தேனே." அவள் சொன்ன விதத்தில் தெருவே சிரித்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலிருந்தும் கேட்டது: "வாரவங்களுக்கு." "வாரவங்களுக்குத்தான்." காது மந்தமான ஒரு தாத்தா பலகைக்குப் பக்கத்தில் போய்க் கத்தினார். "சரி ஐயா" என்றது அதுவும்.

பதினொரு மணிக்குப் பானைகள் வரத் தொடங்கின. தலையில், சைக்கிளில், இரண்டு பேர் பிடித்துத் தூக்கி. எல்லா வீட்டுக் கறிக்குழம்பும் ஜெபசிங்கின் பெரிய அண்டாவில் விழுந்தது. ஒரு வீட்டில் தேங்காய் அரைத்தது, ஒரு வீட்டில் அரைக்காதது, ஒன்றில் உப்புத் தூக்கல், ஒன்றில் உப்பே இல்லை. கிளறிப் பார்த்தால், என்னவென்று சொல்லத் தெரியாத ஒரு ருசி வந்திருந்தது. சாப்பிட்ட ஒவ்வொருவரும் அது தன் வீட்டுக் குழம்பின் ருசிதான் என்று சாதித்தார்கள்.

முத்தரசி ஆலய வாசலில் வந்து நின்றாள். எரிகிற பெரிய அடுப்பு ஒன்றும் இல்லை. பானைகளைத் தொட்டுப் பார்த்தாள், எல்லாம் சூடாக இருந்தன. அதற்கு மேல் அவளுக்கு வேலை இல்லை. கிரேஸ்லின் அவள் கையைப் பிடித்து இழுத்து வந்து இரண்டாவது பந்தியில் உட்கார வைத்தாள்.

ஜெபசிங் குழம்பு ஊற்ற வந்தபோது, "எப்படிம்மா எரிஞ்சுது?" என்று குனிந்து கேட்டார். "உனக்குத் தெரியுமா?"

"காலையில உங்க அடுப்பெல்லாம் எரிஞ்சுதுன்னு கேட்டப்புறம்தான் தெரிஞ்சுக்கிட்டேன். சென்னைக்கு ஒருத்தருக்குப் போன் போட்டுக் கேட்டேன்." அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "வீட்டு அடுப்புல விருந்தாளிக்குச் சமைச்சா பேர் கேக்கக் கூடாதுன்னு முதல்லயே வச்சிருக்காங்க. வாரவங்களுக்குன்னு சொன்னாப் போதும். யாரும் சொல்லிப் பார்க்காததால யாருக்கும் தெரியல. அதை எடுத்துரணும்னு துறையில வருஷா வருஷம் பேச்சு வருமாம். ஒரே ஒரு அதிகாரி எடுக்கவிடலையாம். அதனாலயே அவருக்கு மேல்பதவி கிடைக்கலன்னு சொன்னாங்க."

"நல்ல மனுஷன்" என்றார் ஜெபசிங். "அங்கயும் அப்படி ஒருத்தன் இருந்திருக்கான் பாரு."

"இங்கதான் இருக்காரு. இந்தப் பக்கந்தான் வந்து குடியிருக்காருன்னு சொன்னாங்க. போட்டோகூட அனுப்பினாங்க." அவள் எச்சில் படாத இடது கையால் வாசலைக் காட்டினாள். "அதோ, அடுத்த பந்திக்கு நிக்கிறாரே, வெள்ளைச் சட்டை, நரைச்ச தாடி. அவருதான். எட்வின் சார்."

ஜெபசிங்கின் கையிலிருந்த கரண்டி வாளி விளிம்பில் தட்டியது.

மூன்றாவது பந்தி உட்கார்ந்தது. எட்வின் வழக்கம்போல் தூண் ஓரம், தலைகுனிந்து, இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். சோறு விழுந்தது. ஜெபசிங் வாளியோடு வரிசையில் ஒவ்வொருவராகக் கடந்து வந்தார். தம்பி இலைக்கு முன்னால் நின்றார். ஒரு கரண்டி ஊற்றினார். இன்னொரு கரண்டி ஊற்றினார். அதற்கப்புறம் நகரவில்லை. பின்னால் ரசம் கொண்டுவந்தவர் காத்து நின்றார்.

"அடுப்பு எரிஞ்சுதுடே" என்றார் ஜெபசிங்.

எட்வின் நிமிர்ந்து பார்த்தார். அண்ணன் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. "என்ன சொன்னீங்க அண்ணன்? அதுகிட்ட."

"வாரவங்களுக்குன்னு."

எட்வினின் கை சோற்றில் அப்படியே நின்றது. "அம்மா சொன்னது" என்றார். "இல்லத்துல அம்மா ரெண்டு நாளா சாப்பிடல. எல்லாம் பதிவாகியிருந்துச்சு, பிறகு நான் உக்காந்து கேட்டேன். ஏன் சாப்பிடலன்னு சுவர் கேக்குது. வாரவங்களோட சாப்பிடுதேன்னு அம்மா சொல்லுதா. யார் வருவாங்க, பேரைச் சொல்லுங்கன்னு அது திரும்பத் திரும்பக் கேக்குது. அம்மா அதே பதிலைத்தான் சொல்லுதா. அந்தப் பதிலை வச்சுக்கிட அதுக்குள்ள ஒரு இடமும் இல்ல. நாங்க அதுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கல." இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அடுப்பு வேலை என் கைக்கு வந்தப்ப, அந்த ஒரு பதிலுக்கு இடம் வச்சேன். வேற என்னால ஒண்ணும் முடியல அண்ணன்."

ஜெபசிங் வாளியைக் கீழே வைத்தார். பந்தி பரிமாறும்போது வாளியைக் கீழே வைக்கக் கூடாது என்று இத்தனை வருஷமாக மற்றவர்களைத் திட்டியவர் அவர்தான். தம்பியின் தலையில் கையை வைத்தார். ரசக்காரர் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். அந்த ஊரில் பார்க்கக் கூடாததைப் பார்க்காமலிருக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் உண்டு.

"உப்புத் தூக்கலா இருக்கு, பாத்துச் சாப்பிடு" என்றார் ஜெபசிங். "நாளைக்கு மத்தியானம் வீட்டுக்கு வா."

"உங்களுக்கு வயிறு சரியில்லாமப் போயிருமே" என்றார் எட்வின்.

இருவரும் சிரித்தார்கள். ஜெபசிங் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்கு நகர்ந்தார். நெஞ்சில் வெகுகாலமாகக் கிடந்த கல் ஒன்று நகர்ந்தது போலிருந்தது. நகர்த்தியவர் யார் என்று அவருக்குத் தெரியும். அந்த நிமிஷமே மனதுக்குள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் காலை கிரேஸ்லின் அடுப்பைத் திருகினாள்.

"வணக்கம் அம்மா. எத்தனை பேருக்குச் சமையல்?"

"மூணு பேருக்கு."

"சரி அம்மா. விருந்தினர் ஒருவர்."

ஜெபசிங் அடுப்படி நிலைக்கு வந்து நின்றார். இத்தனை வருஷத்தில் அந்தப் பலகை கேட்காத கேள்விக்கு அவர் பதில் சொன்னதில்லை. கேட்ட கேள்விக்கே பாதிதான் சொல்வார்.

"எட்வின்" என்றார். "என் தம்பி."

"விருந்தினர் பெயர் தேவையில்லை ஐயா."

"நீ எங்க கேட்ட? நானாத்தான் சொல்லுதேன்" என்றார் ஜெபசிங். "அவன் விருந்தாளியும் இல்ல."